பாஸாவில் ஏறு

அன்புள்ள விசாலத்துக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி மாதம் பதில் போடுகிறேன். திட்டத்தான் போகிறாய், லூர்து டீச்சர் குரலிலேயே திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். சாரல் தொடங்கிவிட்டது. ஜெயாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே ஜெயா மூக்கு, பாவம் அந்தக் குழந்தை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

உன் மருமகள் அனுப்பிய பயணத் தாளைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். அக்டோபர் 8, நியூரம்பெர்க்கில் கப்பல் ஏறி, டான்யூப் வழியாக புடாபெஸ்ட். பாக்கிப் பணத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். கட்டாதே. போக வேண்டாம் என்று சொல்லவில்லை, மூஞ்சியைத் தூக்காதே. நியூரம்பெர்க்கை விட்டுவிட்டு, ஜெர்மனியின் எல்லையில் டான்யூப் கரையில் இருக்கும் பாஸாவில் ஏறுகிற பயணமாக மாற்றித் தரச் சொல். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு டிக்கெட் போட்டவள் சொல்கிறேன், ஒரு தரம் கேள்.

நியூரம்பெர்க்கில் கிளம்புகிற கப்பல் முதலில் மைன்-டான்யூப் கால்வாயில் ஏறும். கெல்ஹைமில் டான்யூபுக்குள் இறங்கும். பிறகு ரேகன்ஸ்பர்க் தாண்டி பாஸாவுக்கு வரும். அந்த வழியில் ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு ஒரு அணையும் கிடையாது. அதற்கு மேலேயும் கீழேயும் அணை கட்டி, தண்ணீரைத் தேக்கி, ஆழத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்தத் துண்டில் மட்டும் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. இங்கேயும் அணை வேண்டுமா என்று பல வருஷம் சண்டை நடந்து, 2013-ல் பவேரியா அரசு வேண்டாம் என்று முடிவெடுத்தது. மீனுக்கும் கொக்குக்கும் நல்லது, உனக்கு நல்லதில்லை. நீ போகிற கப்பல் தண்ணீருக்குள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அமிழ்ந்து நிற்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மழை பொய்த்தால் இங்கேதான் முதலில் தரை தட்டும் பயம் வரும். மழை கொட்டினால் அதற்கு நேர் எதிர்: பாலத்துக்கு அடியில் கப்பல் நுழைய இடம் இருக்காது.

பாஸாவில் என்ன மாறுகிறது என்று கேட்பாய். அங்கே மூன்று ஆறு சேர்கிறது: டான்யூப், ஆல்ப்ஸிலிருந்து வரும் இன், கறுத்த தண்ணீரோடு வரும் சின்ன இல்ஸ். பெயர் என்னவோ டான்யூபுக்குத்தான், சராசரிக் கணக்கில் இன்னில்தான் தண்ணீர் அதிகம். ஆகவே பாஸாவுக்குக் கீழே ஆறு இரண்டு மடங்குக்கு மேலே ஆகிவிடுகிறது. அதற்கும் கீழே அணையில்லாத இடங்கள் உண்டு: மெல்க் அணைக்குக் கீழே வாஹாவ் பள்ளத்தாக்கு, வியன்னாவுக்குக் கிழக்கே பிராட்டிஸ்லாவா வரை. அங்கேயும் கப்பல் சிக்கலாம். ஆனால் ஸ்ட்ராபிங் அளவுக்கு அடிக்கடி இல்லை.

வெள்ளத்துக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2013 ஜூனில் பாஸாவில் தண்ணீர் 12.89 மீட்டருக்கு ஏறியது, 1501-க்குப் பிறகு அதுதான் உச்சம். பழைய நகர மன்றச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கோடு போட்டிருக்கிறார்கள். போனதும் உன் வீட்டுக்காரரை, அதான் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடு, அவர் உயரம் எந்தக் கோட்டுக்கும் காணாது. 2024 செப்டம்பரிலும் வெள்ளம் வந்து ஆஸ்திரியாவில் கப்பல்கள் கரையோடு நின்றுபோயின.

நின்றுபோனால் கம்பெனி என்ன செய்யும்? அடைப்புக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு கப்பல் இருந்தால், காலையிலேயே பெட்டியைக் கட்டி வெளியே வைக்கச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடும். இல்லையென்றால் தினமும் பஸ், ராத்திரி ஓட்டல். ஒப்பந்தத்தில் அப்படி மாற்ற உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருக்கும், படி. பயண இன்சூரன்ஸும் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர் ஏறினதற்கும் இறங்கினதற்கும் பணம் தராது. லட்சக்கணக்கில் கொட்டி ஜெர்மனியில் டூரிஸ்ட் பஸ்ஸில் போவதற்கு, நம் மணப்பாடு டூரே போதுமே.

அண்ணன் விடமாட்டார், தெரியும். பொதுப்பணித் துறைக்காரருக்குக் கால்வாயும், தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்குகிற லாக்கும் பார்க்க வேண்டும். 1992-ல் முடித்த 171 கிலோமீட்டர் கால்வாய், கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்குக் கப்பலைத் தூக்குகிறது, அதில் மூன்று லாக் ஒவ்வொன்றும் 25 மீட்டர் ஏற்றும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த லாக்குகளில் பாதியை ராத்திரியில்தான் கடப்பார்கள். கால்வாய் லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஈரக் கான்கிரீட் சுவர், வேறொன்றும் தெரியாது. பாலங்கள் தாழ்வு என்பதால் மேல் தளத்தையும் பூட்டிவிடுவார்கள். பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை அவருக்கு 11 லாக் கிடைக்கும் என்று சொல். முதலாவது யோஹன்ஸ்டைன், கடைசி ஸ்லோவாக்கியாவில் கப்சிகோவோ. கப்சிகோவோவில் மட்டும் கப்பல் இருபது மீட்டரை ஒட்டிக் கீழே இறங்கும். ஆஸ்திரிய லாக்குகள் 24 மீட்டர் அகலம், இரண்டு கப்பல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பகலில் வருவது எது என்று வரவேற்பு மேஜையில் கேட்டால் நேரம் சொல்வார்கள். அது போதும் அவருக்கு.

இப்போதே முடிவெடுக்க இன்னொரு காரணம் விசா. ஷெங்கன் என்றால் ஐரோப்பாவில் பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா. எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறாயோ அந்த நாட்டுக்குத்தான் ஷெங்கன் விண்ணப்பம் போக வேண்டும். கப்பலில் தூங்குவதும் கணக்கில் சேரும். உன் தாளில் இப்போது ஜெர்மனிக்கு ராத்திரி அதிகம். பாஸாவுக்கு மாற்றினால் ஆஸ்திரியா ஆகிவிடும். ஆகவே முதலில் பயணம், பிறகு விசா; மாற்றிச் செய்தால் இரண்டு தரம் அலைச்சல். தேதிவாரியாக எந்த ராத்திரி எந்தத் துறைமுகம் என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கு. கட்டணம் தலைக்கு 90 யூரோ, போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், ஆகவே ஜூலையிலேயே போடு. பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

மியூனிக்கில் இறங்கி பாஸாவுக்கு ரயில், இரண்டு இரண்டரை மணி நேரம். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, பெட்டி பின்னால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதனால் ஒரு நாள் மாற்றுத் துணியும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

இனி துணி. ராஜாமணி சார் மங்கி குல்லாயை நீ இன்னும் வைத்திருப்பாய் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கொண்டுபோனால் உன்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

அக்டோபர் நடுவில் வியன்னாவில் பகல் 15, 16 டிகிரி, விடியற்காலை 7, 8. பாஸாவில் காலை மூடுபனி விலகவே பத்து பதினொன்று ஆகலாம். புடாபெஸ்ட் கொஞ்சம் இளகும். இதெல்லாம் ஊட்டிக் குளிர்தானே என்று நினைக்காதே. கப்பல் ஓடும்போது மேல் தளத்தில் எதிர்க்காற்று அடிக்கும், வாஹாவில் திராட்சைத் தோட்டம் பார்க்க இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாய். குளிர் அப்போதுதான் எலும்பில் ஏறும். உள்ளே வந்தால் கப்பல், பஸ், காபிக்கடை எல்லாம் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஒரே தடிக் கோட்டு வாங்கினால் வெளியே போதாது, உள்ளே வேகும். மூன்று அடுக்காகப் போடு.

உடம்பை ஒட்டி தெர்மல், ஆளுக்கு இரண்டு செட். மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ, பருத்தி மட்டும் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றதும் ஜில்லென்று ஒட்டும். அதன் மேல் ஃபிளீஸ், அதாவது பஞ்சு மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணியில் மேல்சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்தது. தலைவழியாகக் கழற்றுகிற ஸ்வெட்டர் எடுத்தால் நாளுக்குப் பத்துத் தரம் கொண்டை அவிழும். மேலே தலைமூடியோடு காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இடுப்புக்குக் கீழே வர வேண்டும், தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்கு. ஃபிளீஸைப் போட்டுக்கொண்டு அளவு பார், இல்லாவிட்டால் கை தூக்க முடியாது. குடையை நம்பாதே, பாலத்தில் காற்று அடித்தால் திருப்பிவிடும்.

புடவையை விடமாட்டாய். சரி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பட்டு. பட்டு கதகதப்பு, மடித்தால் இடமும் அடைக்காது. அதற்கும் கீழே தெர்மல் கால்சட்டை. பகலில் சுடிதாரே கட்டு, தயவுசெய்து. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடுகிற நடைபலகை ஈரமாக இருக்கும், கொசுவம் காலடியில் சிக்கினால் கையில் பிடிக்க ஒரு கம்பிதான்.

செருப்புக் கதை வேண்டாம், ஷூ. பழைய ஊர்த் தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்தது, மழையில் வழுக்கும். ரப்பர் அடி, கெட்டியான குதிகால், கம்பளி சாக்ஸோடு அரை அளவு பெரிது. ஆகஸ்டிலேயே வாங்கிப் பழகு. ஆளுக்கு இரண்டு ஜோடி, நனைந்தது காய ஒரு நாள் ஆகும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரம் சீக்கிரம் இழுக்கும், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும்.

தேங்காய் எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றாதே. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, ஒரு சொட்டு வராது. வாயகன்ற டப்பாவில் வை, விரலால் எடுத்துக்கொள்ளலாம். உதடும் குதிகாலும் வெடிக்கும், அதற்கும் அதுவே போதும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, போன் சார்ஜரின் இரண்டு உருண்டை முள் நுழையும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அறைக்குள் கூடாது. வரவேற்பறையில் காபி மெஷினில் எந்நேரமும் வெந்நீர் பிடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடு. சைவம் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். முட்டை வேண்டாம், மாமிசம் வேகவைத்த தண்ணீரும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுது. வியன்னா உருளைக்கிழங்கு சாலட் பார்க்க அப்பாவியாக இருக்கும், மாட்டு எலும்பு சூப் ஊற்றித்தான் பிசைவார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள். புளிக்காய்ச்சல் பெரிய பெட்டியில்தான். நெய், பால்கோவா ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் கேட்க மாட்டார்கள். சட்டம் போட்டவன் நாகர்கோவில்காரனோ என்னவோ.

அறை நடுத் தளத்தில், கப்பலின் நடுவில் கேள். அடித்தள ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்காது. பின்கோடியில் எஞ்சின் இரைச்சல். முன்கோடியில், கரையணையும்போது பக்கவாட்டில் தள்ளுகிற மோட்டார் விடியற்காலை மூன்று மணிக்கு உறுமும். துறைமுகத்தில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பலை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். விடிந்து திரையை விலக்கினால் எதிர்க் கப்பலில் ஒரு ஜெர்மன்காரர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். ராத்திரியே திரையை இழுத்துவிடு.

விசாலம், இதுவரை விளையாட்டாக எழுதினேன், இதை மட்டும் அப்படிப் படிக்காதே. அப்படிக் கப்பல்கள் ஒட்டி நிற்கும்போது கரைக்குப் போக அடுத்த கப்பலின் வழியாகப் போக வேண்டும். சில நாள் மேல் தளத்துக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருக்கும், லிஃப்ட் மேல் தளம் வரை பெரும்பாலும் போகாது. அண்ணனின் முட்டிக்கு இப்போதிருந்தே மாடிப்படி பழக்கு, மடக்குக் கைத்தடி ஒன்று வாங்கு. அவர் ஸ்டென்ட் வைத்ததை இன்சூரன்ஸ் படிவத்தில் மறைக்காதே. பிரீமியம் ஏறட்டும். மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வராது. ஆற்றுக் கப்பலில் பொதுவாக டாக்டர் கிடையாது, கரை பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் ஏற்பாடு. அவசரத்துக்கு எண் 112, நீ போகிற எல்லா நாட்டிலும் அதுவே. மருந்துகளை அட்டையோடு, மூலப்பெயர் எழுதிய சீட்டோடு வை, நாலு நாளுக்கு அதிகமாகவே எடுத்துக்கொள். ஈசிஜி நகல் ஒன்று உன் பையில், ஒன்று போனில். நீ பயப்படுவாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

வாந்தி மாத்திரை வேண்டாம். ஆறு ஆட்டாது. மணப்பாட்டில் நடந்தது அங்கே நடக்காது, ஜெயாவிடமும் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமைக்குள் மருமகளிடம் பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. பாஸாவுக்கு மாற்றக் கூடுதல் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் எவ்வளவு என்று என்னிடம் சொல். அண்ணன் முறுக்கிக்கொண்டால் அவரிடமே போனைக் கொடு, 11 லாக்கின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறேன்.

உன்
கோமதி