பூ விழுந்தவர்களுக்கும் தலை விழுந்தவர்களுக்கும்

இதயப் பம்ப் ஆய்வுகளில் சேர்ந்த, முகம் தெரியாத உங்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் பலர் அமெரிக்கர்கள், பலர் இப்போது உயிரோடு இல்லை. தமிழ் படிக்கிறவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

2021-இல் எக்கோ எடுத்த டாக்டர், "பம்பிங் பதினஞ்சு சதவீதம்தான் இருக்கு" என்றார். மாற்று இதயம் வைக்கலாமே என்று கேட்டோம். நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, புது இதயம் அதைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சென்னையில் என் நெஞ்சுக்குள் ஹார்ட்மேட் 3 என்ற பம்பை வைத்தார்கள். இதயத்தின் இடது கீழறையின் நுனியில் அது உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குத் தள்ளிவிடுகிறது. வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு வயர் வெளியே வருகிறது. இடுப்பில் ஒரு கன்ட்ரோலர், தோள்பையில் இரண்டு பேட்டரி. என் உயிருக்கு இப்போது சார்ஜர் உண்டு.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்று முன்பணம் கட்டிய தம்பிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வான், ஆகவே சொல்லவில்லை. போன ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது, அரவை மில்காரர் எனக்காகவே ஜெனரேட்டரை ஓடவிட்டார். எட்டுப் பேட்டரியையும் சார்ஜ் ஏற்றித் தந்துவிட்டு டீசல் காசு வாங்க மறுத்தார். மழைக்கோட்டோடு கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கும் நன்றி. ஊர் சுகாதார நிலைய நர்ஸம்மாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். முதல் தடவை போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தவர் முகம் வெளுத்துப் போய், "சார், நாடியே ஓடலையே, படுங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்" என்றார். "நாடி ஓடாமத்தாம்மா பஸ்ஸில வந்தேன்" என்றேன். அந்த விளையாட்டு வேண்டாததுதான். இந்தப் பம்ப் ரத்தத்தை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் நாடி பெரும்பாலும் கைக்குச் சிக்காது. பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், "சுருதிப்பெட்டி மாதிரி இருக்கு சார்" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இனி உங்களிடம் வருகிறேன்.

மருத்துவமனையில் கிடந்தபோது, இந்தப் பம்ப் எப்படி அனுமதி வாங்கியது என்று தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி. 2001-இல் முடிவு வெளியான ரீமேட்ச் ஆய்வில் 129 பேர் இருந்தீர்கள். மாற்று இதயம் வைக்க முடியாதென்று கைவிடப்பட்டவர்கள். அதில் 68 பேருக்கு அந்தக் காலத்துப் பெரிய பம்பும், 61 பேருக்கு மருந்து மட்டும் என்றும் குலுக்கலில் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம். இரண்டாம் வருட முடிவில் 23, 8.

வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது நாணயத்தைச் சுண்டிக் காட்டுவேன். பிள்ளைகள் பூவா தலையா என்று கத்துவார்கள். அந்த 61 பேரை நினைத்தால் இப்போது அந்த நாணயத்தைச் சுண்ட எனக்குக் கை வராது. மருந்து மட்டும் என்று விழுந்தும், கேட்ட தேதிக்கு வந்து, ரத்தம் கொடுத்து, கேள்விக்குப் பதில் சொன்னீர்களே. உங்களோடு ஒப்பிட்டுத்தானே பம்ப் பலன் தருகிறது என்று சொல்ல முடிந்தது.

அடுத்தது மொமென்டம் 3. என்னுடைய பம்பை வைத்துப் பார்த்த ஆய்வு, 1028 பேர். 516 பேருக்குப் புதிய பம்ப், 512 பேருக்குப் பழைய ஹார்ட்மேட் 2. பழையது மோசமான சாதனம் அல்ல, அன்றைக்கு எல்லோரும் வைத்துக்கொண்டிருந்ததுதான். ஆனால் அதன் சுழலி தாங்கிகளில் உரசிக்கொண்டு சுற்றும். புதியதில் காந்தம் சுழலியை எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிறுத்துகிறது. அதோடு இரண்டு வினாடிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைத்து, உள்ளே ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. பம்புக்குள் ரத்தம் உறைந்தது பழையதில் 13.9 சதவீதம் பேருக்கு, புதியதில் 1.4 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. உறைந்துபோனால் பக்கவாதம் வரலாம், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியும் வரலாம். எனக்கு வராத அந்தக் கட்டி உங்களில் யாருக்கோ வந்தது.

இன்னொரு கூட்டத்தை விட்டுவிடக் கூடாது. பம்ப் வைத்த பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையோடு ஆஸ்பிரினும் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வரும், நிற்காது. மூன்று தடவை தலையணை உறையைத் தூக்கி எறிந்தோம். ஆஸ்பிரின் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒன்பது நாடுகளில் 628 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு அதேபோல ஒரு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்த டாக்டருக்கே தெரியாது. 2023-இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ரத்தம் உறைவது கூடவில்லை, ரத்தக்கசிவோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த செக்கப்பில் டாக்டர் என் சீட்டில் ஆஸ்பிரினை அடித்துவிட்டார். மூக்கு இப்போது ஒழுங்காக இருக்கிறது. வெறும் மாத்திரையை நம்பி விழுங்கியவர்களே, அந்த ஒரு கோடு நீங்கள் போட்டது.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். குளத்தில் இறங்க முடியாது. எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. கீரை சாப்பிட்டால் தினமும் ஒரே அளவு, இல்லையென்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறி இறங்கும். பேட்டரி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதைப் பொருத்திய பிறகே மற்றதைத் தொட வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது. இந்தக் கணக்கை என் மனைவி என்னைவிட நன்றாகப் போடுகிறாள். வயர் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடிக்காமல், கையுறையும் முகக்கவசமும் போட்டு, மருந்து தடவிக் கட்டுவது அவள்தான்.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுத்துணியைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, அந்த ஐநூத்தி பன்னண்டு பேருக்கும் வீட்டில யாரோ கட்டுப் போட்டிருப்பாங்கல்ல, அவங்களையும் ஒரு வரி சேருங்க" என்றாள்.

சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்