கல்லீரல் தழும்புக்கு மது மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

சமூக மன்றங்களில் நடக்கும் தமிழ்ச் சுகாதார உரைகளில் கல்லீரல் என்றதும் மதுவைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். குடிக்காதவர்கள் நிம்மதியாகப் புரோட்டா சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள்!

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடல் வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம். கொழுப்பு சேர்ந்து உயிரணுக்கள் வீங்கினால் நுண்குழாய்கள் நெருக்கப்பட்டு, ஆக்சிஜன் மேலும் குறைகிறது. வழக்கமாக உடனுக்குடன் சிதைக்கப்படும் ‘ஹிஃப்’ என்னும் புரதம் அப்போது நிலைத்துநின்று, கல்லீரலில் உள்ள விண்மீன் வடிவ உயிரணுக்கள் கொலாஜன் நாரைச் சுரக்கத் துணைபோகிறது. அந்த நார் சேர்ந்து உண்டாகும் தழும்பு ரத்த ஓட்டத்தை மறுபடியும் தடுக்கிறது. இந்தப் புரதத்தின் வழியாக உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபெல் பரிசே கிடைத்தது.

நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்கள் தழும்புப் பரிசோதனை பற்றிப் பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம் என்று உரையாளர்கள் ஒரு வரியாவது சொல்லக்கூடாதா?

வாசகர், ஈசூன்