52 மதிப்பெண்ணும் 120 பில்லும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அசைன்மென்ட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். ஒரு வரி பதில்கூடப் போடாமல் இருந்தது தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? சின்னவன் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் ஒளிகிறானா?

ஆன்லைன் டிகிரியில், அதுவும் பிசினஸ் அனாலிசிஸும் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்த படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. யார் எதைச் சொன்னாலும் "ஏன், எதுக்கு, யாருக்கு" என்று மூன்று கேள்வி கேட்காமல் விடாதவள் நீ. உன் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு கிடையாது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் எடுத்திருப்பதாகவும், வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டினால் சமாளித்துவிடலாம் என்று நாம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் தோழி டிக்‌ஷனரி சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். ஏண்டி, இன்னுமா அவள் பேச்சைக் கேட்கிறாய்?

கணக்குப் போட்டுப் பார். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உன் பேப்பர் ஒவ்வொன்றும் 5 கிரெடிட், அதாவது 125 முதல் 150 மணி. 12 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பத்து மணிக்குக் குறையாது. மூன்று பேப்பருக்கும் சேர்த்தால் வாரம் 31 மணிக்கு மேல். அலுவலக வேலை முடிந்து வந்து இன்னொரு வேலைக்குப் போகிற மாதிரி. இதில் வீடியோ பார்ப்பது சிறு பங்குதான். படிப்பதும் கணக்குப் போடுவதும் எழுதுவதும் எழுதியதைத் திருத்துவதும்தான் நேரத்தைத் தின்னும். அவற்றை யாராலும் இரட்டை வேகத்தில் ஓட்ட முடியாது.

ஒன்றை விடு. விட வேண்டியது மார்க்கெட்டிங். புள்ளியியலை விட்டுவிடாதே, பின்னால் வரும் டேட்டா பேப்பர்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அதேபோல அக்கவுன்டிங் முடிக்காமல் ஃபைனான்ஸ் எடுக்காதே. பேப்பரிலிருந்து விலக இரண்டு கெடு இருக்கும்: கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் பதிவாகாமல் விலகும் கடைசி நாள் இன்னொன்று. இரண்டும் ஒரே நாளாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. தனித்தனியாகத் தேடிக் குறித்து வை.

இனி உன் அசைன்மென்ட், அதாவது உன் அலுவலகத்தில் பயணச் செலவு பில்கள் போகும் முறையைப் பற்றிய அறிக்கை. "இன்னும் குறிப்பாக எழுதவும்" என்று மூன்று சொல் எழுதி 52 போட்டுவிட்டார்கள் என்று பொருமியிருக்கிறாய். பொருமலில் நியாயம் இருக்கிறது, மூன்று சொல்லில் யாருக்கு என்ன விளங்கும்? ஆனால் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன் செல்வி. 52 சரியான மதிப்பெண்தான்.

உன் முதல் வரியே "பயணச் செலவு பில்களை அனுப்ப ஓர் ஆப் தேவை" என்கிறது. ஆப் என்பது தீர்வு. தேவை என்ன? ஊழியர்களுக்குக் கைப்பணம் திரும்பி வரத் தாமதமாகிறது, அதுதானே? எவ்வளவு தாமதம் என்று நீ எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அதற்கான எண் உன் பின்னிணைப்பிலேயே இருக்கிறது! ஒரு நாளைக்குச் சராசரியாக 30 பில் வருகிறது, எப்போது எண்ணினாலும் 120 பில் நிலுவையில் இருக்கிறது என்று அட்டவணை போட்டிருக்கிறாய். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி உங்கள் ஆபரேஷன்ஸ் பேப்பரில் வரும்: நிலுவையை வரத்தால் வகுத்தால் சராசரியாக ஒரு பில் எவ்வளவு காலம் உள்ளே கிடக்கிறது என்று கிடைக்கும். 120ஐ 30ஆல் வகு, 4 வேலை நாள். வருவதும் முடிவதும் ஏறக்குறைய சமமாக இருக்கிறவரை இது பிசகாது. ஒரு பில்லைச் சரிபார்க்க 15 நிமிடம் ஆகிறது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த நாலு நாளும் பில் என்ன செய்கிறது? யாரோ ஒருவர் மேசையில் தூங்குகிறது.

எதனால் தூங்குகிறது என்பதும் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. 30இல் 9 பில் ரசீது இல்லாமல் திரும்பிப் போகிறது என்று போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் அடுத்த அட்டவணைக்குத் தாவிவிட்டாய். உன் அறிக்கையிலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான்! ஆப் வந்தாலும் ரசீது இல்லாத பில் ரசீது இல்லாமல்தான் வரும். அதே மேசைக்கு இன்னும் சீக்கிரமாக வந்து சேரும், அவ்வளவுதான். ரசீதை இணைக்காவிட்டால் அனுப்பவே விடாத ஒரு படிவம், துறைத் தலைவர் விடுப்பில் இருந்தால் கையெழுத்திட இன்னொருவர், சின்னத் தொகைக்குத் தலைவர் கையெழுத்தே வேண்டாம் என்ற விதி. இந்த மூன்றையும் எடைபோட்ட பிறகு ஆப் பற்றிப் பேசு.

அடுத்தது ரெக்வயர்மென்ட், அதாவது என்ன தேவை என்று சொல்லும் வாக்கியம். "சிஸ்டம் வேகமாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். இதைச் சோதிக்கச் சொன்னால் ஒருவர் பாஸ் என்பார், இன்னொருவர் ஃபெயில் என்பார், இருவரும் சொல்வது சரியாகவே இருக்கும். இப்படி எழுதிப் பார்: "ஒரே நேரத்தில் 50 பேர் பயன்படுத்தும்போது, 'அனுப்பு' பொத்தானை அழுத்திய 3 நொடிக்குள் பதிவு எண் திரையில் வர வேண்டும், 100 முறையில் 95 முறையாவது இது நடக்க வேண்டும்." எளிமைக்குத் தனி வாக்கியம்: "பயிற்சி பெறாத ஊழியர் ஒருவர் முதல் முறையிலேயே 5 நிமிடத்துக்குள் ஒரு பில்லை அனுப்பி முடிக்க வேண்டும்." இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, அவை மாதிரிக்குத்தான். பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்டு வாங்கு. ஒரு ரெக்வயர்மென்ட்டில் "மற்றும்" வந்தால் அங்கே இரண்டு ஒளிந்திருக்கிறது என்று பிரித்துவிடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், யார் கேட்டது, எதற்காக, எப்படிச் சோதிப்பது, இந்த நாலும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிசினஸ் அனாலிசிஸ் துறையின் சர்வதேச அமைப்பான ஐஐபிஏ 2015இல் வெளியிட்ட பேபாக் என்ற வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு ரெக்வயர்மென்ட்டுகளை நாலு வகையாகப் பிரிக்கிறது: நிறுவனத்தின் நோக்கம், ஸ்டேக்ஹோல்டர்களின், அதாவது சம்பந்தப்பட்டவர்களின் தேவை, தீர்வு எப்படி இருக்க வேண்டும் என்பது, பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது மட்டும் தேவைப்படுவது. முதல் மூன்றையும் எழுதிவிட்டாய். நாலாவதை எல்லோரையும் போல நீயும் மறந்துவிட்டாய். புது முறை தொடங்கும் காலையில் மேசையில் கிடக்கும் அந்த 120 பில் எந்த வழியில் போகும்? பழைய வழியிலேயே முடிப்பதா, புதிதாக ஏற்றுவதா, ஏற்றுவது யார்? இதற்கு விடை இல்லாத திட்டம் முதல் நாளே சிக்கிக்கொள்ளும்.

34 ரெக்வயர்மென்ட்டும் "கட்டாயம்" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தலை சுற்றியது. தேவைகளைக் கட்டாயம், முக்கியம், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று தரம் பிரிக்கும் மாஸ்கோ முறையைப் பின்பற்றினேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். டிஎஸ்டிஎம் என்ற திட்ட மேலாண்மை முறையின் வழிகாட்டுதலில் கட்டாயப் பகுதி மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றையும் பார்த்து "இது இல்லாவிட்டால் தொடங்கும் நாளைத் தள்ளிவைப்போமா?" என்று கேள். இல்லை என்றால் அது கட்டாயம் இல்லை.

நாலாம் பக்கத்தில், வேலை போகும் பாதையைக் குறியீடுகளால் காட்டும் பிபிஎம்என் படத்தில் ஒரு பிழை. தொகை அதிகமானால் தலைவரிடம், குறைந்தால் கணக்காளரிடம் என்று பெருக்கல் குறி போட்ட சாய்சதுரத்தில் பாதை பிரிகிறது. ஆனால் சேருமிடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டாய். கூட்டல் குறிக்கு இரண்டு பாதையும் வந்து சேர வேண்டும். இங்கே ஒன்றுதான் வரும், ஆகவே பில் அங்கேயே நின்றுவிடும், பணம் யாருக்கும் போகாது. தலைகீழாகக் கூட்டலில் பிரித்துப் பெருக்கலில் சேர்த்தால் இன்னும் மோசம், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போகும். பெருக்கலில் பிரித்ததைப் பெருக்கலிலேயே சேர். ஊழியர் பெட்டிக்கும் வங்கிப் பெட்டிக்கும் நடுவே முழுக்கோடு வராது, செய்தியைக் காட்டும் விட்டுவிட்ட கோடுதான் போக வேண்டும்.

செலவு வரவுப் பக்கத்தில் ஒரு லட்சம் போட்டு வருடத்துக்கு 40,000 வீதம் மூன்று வருடம் வரும், இரண்டரை வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்று முடித்திருக்கிறாய். 10 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்தால், அந்த மூன்று தொகையும் 36,364, 33,058, 30,053 ஆகின்றன. முழு ரூபாயாக்காமல் கூட்டினால் 99,474, ஆகத் திட்டம் 526 நஷ்டம். எக்செல் உனக்கு 478 நஷ்டம் என்று காட்டியதே, ஏன் தெரியுமா? இன்றைய நிகர மதிப்பைக் கணக்கிடும் என்பிவி ஃபார்முலா முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் இன்று போடும் ஒரு லட்சத்தை ஃபார்முலாவுக்கு உள்ளே விடாதே, வெளியே தனியாகக் கழி. அந்த 40,000 எங்கிருந்து வந்தது என்பதையும் யோசி. "மிச்சமாகும் நேரம்" என்கிறாய். மிச்சமான நேரத்தில் வேறு வேலை நடந்தால்தான், இல்லை ஓவர்டைம் குறைந்தால்தான் அது பணம்.

"கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை" என்று குறைப்பட்டிருக்கிறாய். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பாய். அப்படிக் கேட்டால் யாரானாலும் தெரிந்த ஆப் ஒன்றின் பெயரைத்தான் சொல்வார்கள். "கடைசியாகத் திருப்பி அனுப்பிய பில்லைக் காட்டுங்கள்" என்று கேள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார். ஒட்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருப்பதையெல்லாம் படி, எந்த ஆவணத்திலும் இல்லாத விதிகள் அங்கேதான் இருக்கும். குறிப்புகளை அன்றைக்கே அனுப்பி "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று உறுதி செய்துகொள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கத்தில், பில்கள் தேங்குவது இன்னாரிடம் என்று அந்த அம்மாவின் பெயரையே எழுதியிருக்கிறாய். உன்னை நம்பி மனசு திறந்து பேசியவர் அவர். கல்லூரிக்குத்தானே போகிறது என்று நினைக்காதே, நாளைக்கே உன் மேலாளர் "நல்ல அறிக்கை, கொடு" என்பார். பெயரை எடுத்துவிட்டுப் பதவியை எழுது. அவர் ஒருவர் மேசைக்கு நாலு துறை பில் வருவதையும் எழுது. அலுவலகத் தகவலைப் பயன்படுத்த மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு, இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே. நீ படத்தில் அழிக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவரின் வேலை இருக்கிறது செல்வி.

குழு அசைன்மென்ட் பற்றிச் சுருக்கமாக: முதல் வாரமே யார், எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று எழுதி நாலு பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நாள் ஒருவர் மட்டும் மொத்தத்தையும் திருத்தட்டும், இல்லாவிட்டால் நாலு பேர் எழுதியது நாலு மொழியில் இருக்கும். கேமரா வைத்து நடத்தும் தேர்வுக்கு ஒரு நாள் முன்பே மென்பொருளைச் சோதித்து, இரண்டாவது மானிட்டரைக் கழற்றி வை. நடுவில் இணைப்பு அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வை.

பிசினஸ் அனாலிஸ்ட்டுகளுக்கு ஐஐபிஏ தரும் சிபிஏபி சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். அதை வாங்க, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 10 வருடத்தில் 7,500 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள சிசிபிஏவுக்கு 7 வருடத்தில் 3,750. டிகிரி வாங்கியதால் மட்டும் இந்த மணிகள் வந்துவிடாது. ஆனால் அலுவலகத்தில் இந்த பில் வேலையை நீ நிஜமாகவே செய்தால் அது கணக்கில் வரும். இன்றைக்கே ஒரு தாள் திற: தேதி, திட்டம், செய்த வேலை, எத்தனை மணி. ஐந்து வருடம் கழித்து நினைவிலிருந்து தேடினால் பாதி கிடைக்காது.

மறு சமர்ப்பிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றாய். திருத்தியதை அனுப்பு, இந்தத் தடவை மூன்று நாளில் பதில் வரும். அதற்கு முன்னால் அந்த 9 பில்லையும் கையில் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று எனக்கு எழுது. ஒன்பதுக்கும் ரசீதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: விலகும் தேதிகள் இரண்டையும் பார்த்தாயா?