அராஸ் பட்டினத்துக்குக் கீழே

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன். போனில கதைக்கேக்க உங்களுக்கு முந்தின மாதிரிக் காது கேக்கிறேல்லை எண்டு அம்மா சொன்னா. அதாலதான் கடிதமாய் எழுதுறன், ஆறுதலாய் வாசியுங்கோ. கல்லு வெட்டின ஆக்களின்ர கதை இது. கிணறு வெட்டின உங்களுக்குத்தான் முதலில சொல்லவேணும் எண்டு நினைச்சன்.

மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில இப்ப முதலாம் உலக யுத்தம் படிப்பிக்கினம். போன ஞாயிறு எல்லாருமாய் பிரான்சின்ர வடக்கில இருக்கிற அராஸ் எண்ட பட்டினத்துக்குப் போனனாங்கள். நாங்கள் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்கப் போற பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில இருந்து கார் து நோர் ஸ்ரேசன் நடை தூரம். அங்க ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள அராஸ்.

ஊர் வடிவான ஊர். பெரிய சதுக்கங்கள், சுத்திவர முகப்பு வளைஞ்ச பழைய வீடுகள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஊருக்குக் கீழ இருக்கிறதை. அங்கத்தைக் கல்லு எங்கட முருகைக்கல்லு மாதிரி இறுகினது இல்லை. வெண்கட்டிக் கல்லு, நகத்தால கீறினாலும் கோடு விழும். நடுக்காலத்தில கோயில் கட்டவும் வீடு கட்டவும் நிலத்துக்குக் கீழ இறங்கி அதை வெட்டி எடுத்திருக்கினம். மேல கூரை இடிஞ்சு விழாமல் இடைக்கிடை தூண் மாதிரிக் கல்லை விட்டுவிட்டு வெட்டினதால, கீழ ஒவ்வொரு கிடங்கும் மண்டபம் போல நிக்குது. கல்லு எடுத்து முடிய அப்பிடியே விட்டிட்டுப் போயிட்டினம்.

1916 இல ஜேர்மன்காரர் ஊர் விளிம்பில நிக்கினம். பகலில தலை நீட்டினால் சுடுவாங்கள். பிரித்தானிய ஆமி அப்பதான் இந்தப் பழைய கிடங்குகளைக் கண்டு, எல்லாத்தையும் சுரங்கத்தால தொடுத்து, எதிரியின்ர காலடி வரைக்கும் கொண்டுபோகத் திட்டம் போட்டது. வெட்ட வந்தவை ஆர் தெரியுமோ அப்பா? நியூசிலாந்துக்காரர். ஒரு 500 பேர். அங்க தங்கச் சுரங்கத்திலயும் நிலக்கரிச் சுரங்கத்திலயும் வேலை செய்த ஆக்கள், மாவோரி ஆக்களும் அதுக்குள்ள. பிரித்தானிய ஆக்களோட சேர்ந்து சில மாதத்துக்குள்ள வேலையை முடிச்சிருக்கினம். முழு வலையும் கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர். 24,000 பேர் தங்கக்கூடிய இடம். கரண்ட் லைற், தண்ணிக் குழாய், குசினி, கக்கூசு, 700 பேரைப் படுக்கவைக்கிற ஆசுப்பத்திரி, எல்லாம் கீழ. துவக்குப் பிடிச்சவையைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம். இந்தப் பிக்கான் பிடிச்சவையைப் பற்றி இன்னும் நிறைய எழுதவேணும் எண்டது என்ர எண்ணம்.

நாங்கள் பாத்தது அதில ஒரு கிடங்கு மட்டும். 2008 இல நூதனசாலையாய்த் திறந்தது. வாசலில எல்லாருக்கும் தலைக்கவசம் தருகினம். அந்தக் காலத்து ஆமிக்காரர் போட்ட தட்டையான இரும்புத் தொப்பியின்ர வடிவத்தில செய்தது. சின்னவன் கழட்டமாட்டன் எண்டு நிண்டான். கண்ணாடி லிப்டில 20 மீற்றர் கீழ இறங்கவேணும். வெளியில என்ன காலமெண்டாலும் கீழ எப்பவும் 11 பாகைதான். குளிர் சப்பாத்துக்குள்ளால ஏறுது.

சுவரில கிட்டப் போய்ப் பாத்தன் அப்பா. பிக்கான் விழுந்த ஒவ்வொரு தழும்பும் அப்பிடியே கிடக்கு. பென்சிலால கீறின முகங்கள், சிலுவைகள், ஆக்களின்ர பேர்கள். துருப்பிடிச்ச இறைச்சி ரின், போத்தில், சப்பாத்து. ஆனால் என்னை அங்க நிப்பாட்டினது சுவரில கறுப்பு மையால பெரிசாய் எழுதின பேர் ஒண்டு: வெலிங்டன். இருட்டுக்குள்ள வழி தவறாமல் இருக்க ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பேர் வைச்சிருக்கினம், எல்லாம் அவையின்ர ஊர்ப் பேர்கள். ஓக்லண்ட், நெல்சன், பிளென்ஹைம், கிறைஸ்ற்சேர்ச், டனீடின். உலகத்தின்ர மற்றக் கரையில இருந்து கப்பலில வந்த மனிசர், நிலத்துக்குக் கீழ தங்கட ஊரில இருந்து தங்கட ஊருக்கு நடந்து திரிஞ்சிருக்கினம். எங்கட ஆக்களும் இஞ்ச கடை போட்டால் ஊர்ப் பேர்தானே வைக்கினம். எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. அவையின்ர படையில 41 பேர் திரும்பிப் போகேல்லை.

1917 சித்திரை 9 ஆம் திகதி, ஈஸ்ரருக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை, விடியப்புறம் 5:30 மணி. பனி கொட்டுது. நாள்கணக்காய்க் கீழ கிடந்த பெடியள் படி ஏறி வெளிய பாய்ஞ்சவங்கள். முதல் நாள் எதிர்பாராத வெற்றி. பிறகு எல்லாம் இறுகிப்போச்சு. சண்டை வைகாசி நடுவில நிக்கும்வரைக்கும் பிரித்தானியப் பக்கத்தில மட்டும் ஒரு நாளைக்கு 4,000 பேர் அளவில செத்தும் காயப்பட்டும் போயிருக்கினம். அந்தப் பெடியள் ஏறின படி இன்னும் இருக்கு. கீழ நிண்டு பாத்தால் மேல கொஞ்ச வெளிச்சம் தெரியுது. மூத்தவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் நிண்டாள்.

இரண்டாம் யுத்தத்தில குண்டு விழேக்க அந்த ஊர்ச் சனமே இதுக்குள்ள ஒளிச்சிருந்ததாம். அதைச் சொல்லேக்க எனக்கு எங்கட வளவுப் பங்கர்தான் நினைவு வந்தது. இடுப்பளவு வெட்ட முதலே கல்லு முட்டி, நீங்கள் அலவாங்கால இடிச்சு இடிச்சு இறக்கி, மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டது. பிள்ளையளுக்கு ரயிலில வரேக்க அதைச் சொன்னன். அப்பப்பாவா தனிய வெட்டினவர் எண்டு சின்னவன் திருப்பித் திருப்பிக் கேட்டான். ஓம் எண்டன்.

இந்தக் கிடங்குகளை இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு ஊர் மறந்தே போயிட்டுது. 1990 இல அலன் ஜாக் எண்ட தொல்லியல்காரர்தான் திரும்பக் கண்டுபிடிச்சவர். மறந்துபோறது எவ்வளவு லேசு பாருங்கோ. அதால ஒண்டு கேக்கிறன். கிணத்துக்குள்ள இறங்கினால் அலவாங்கால கல்லைத் தட்டி, சத்தத்தை வைச்சே எது நிக்கும் எது கழரும் எண்டு சொல்லுவியள். எப்பிடி எண்டு நான் ஒருநாளும் கேட்டு வைக்கேல்லை. எந்த ஊரில எத்தினை கிணறு, கூட ஆர் ஆர் வேலை செய்தவை, வெடி வைக்கிறது எப்பிடி, எல்லாம் ஒரு கொப்பியில எழுதுங்கோ. கை நடுங்கினால் நீங்கள் சொல்லச்சொல்ல தம்பியின்ர மகளை எழுதச் சொல்லுங்கோ.

அம்மாவின்ர முழங்காலுக்குத் தைலமும் உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஆவணியில வாற ஆளிட்டைக் குடுத்து விடுறன். பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கோ. கொப்பியையும் அந்த ஆளிட்டையே குடுத்து விடுங்கோ.

இப்படிக்கு,
உங்கட அன்பு மகள்