மான்டிகோரை ஈரானிலிருந்து எடுத்துவிடு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தம்பி மகளுக்கு,

நீ வரைந்த புராண விலங்குகளின் உலக வரைபடத்தை உன் அப்பா எனக்கு அனுப்பியிருந்தான். அலுவலகச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் பெரியப்பா ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றாயாம். பார்த்தேன். நார்வேக் கடலில் கிடக்கும் ராட்சதக் கடல்பூதம் கிராக்கனின் ஒரு கை ஐஸ்லாந்துவரை நீண்டு கரையைத் தடவுவது அருமை. ஜப்பானிய ஆற்றுப்பூதம் கப்பாவின் உச்சந்தலைக் குழியில் ததும்பும் நீரைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். குறை சொல்ல எனக்கு இருப்பது படங்களில் இல்லை, நீ குண்டூசி குத்திய இடங்களில். இதே இடங்களில்தான் பலரும் குத்துகிறார்கள் என்பதால் இதை ஊரறியவே எழுதுகிறேன்.

இந்தியாவுக்கு யாளியையும் இமயத்துக்குப் பனிமனிதன் யெத்தியையும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாய். மனித முகம் கொண்ட மான்டிகோர் ஈரானில் நிற்கிறது. ஒற்றைக்கொம்புக் குதிரை ஸ்காட்லாந்தில் மேய்கிறது. இரண்டையும் பிடுங்கி நம் பக்கம் குத்து. அவற்றைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் கொடுத்த விலாசம் இந்தியாதான்.

அந்த மனிதர் கிட்டேசியஸ் என்ற கிரேக்கர். பாரசீக மன்னர் இரண்டாம் அர்த்தசெர்க்சசின் அரண்மனை மருத்துவர். கி.மு. 400 வாக்கில் இந்தியாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்த மண்ணை மிதித்ததில்லை. அரண்மனைக்கு வந்துபோனவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அவர் கணக்கில் மான்டிகோருக்குச் சிங்கத்தின் அளவு, மனித முகம், குங்குமச் சிவப்பு உடல், மூன்று வரிசைப் பல். வாலில் தேள்போலக் கொடுக்கு. அந்தக் கொடுக்குகளை அம்பு எய்வதுபோல வீசும், பட்ட விலங்கு எல்லாம் செத்துவிழும், யானை மட்டும் தப்பும். இந்தியர்கள் இதன் குட்டிகளைப் பிடித்து, கொடுக்கு முளைக்காதபடி வாலைக் கல்லால் நசுக்கிவிடுவார்களாம்! மன்னருக்குப் பரிசாக வந்த ஒன்றைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டார்.

ஐநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பாசேனியாஸ் என்ற இன்னொரு கிரேக்கர் இதை நிதானமாக யோசித்து, அந்த விலங்கு புலியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். மூன்று வரிசைப் பல்லும் வால் கொடுக்கும் பயத்தில் முளைத்தவை என்பது அவர் முடிவு. அப்படியானால் சனி ஞாயிறுகளில் புலி பார்க்கப் பந்திப்பூருக்கு ஜீப் ஏறி, கிடைக்காத மான்டிகோருக்காகக் காலை முழுவதும் கொட்டாவி விடுகிற கூட்டம் நம் பெங்களூருக் கூட்டம்தான்.

ஒற்றைக்கொம்பனும் கிட்டேசியஸ் கைவண்ணமே. இந்தியாவின் காட்டுக் கழுதை என்றுதான் எழுதினார். வெள்ளை உடல், கருஞ்சிவப்புத் தலை, நீலக் கண். கொம்பு ஒரு முழம்: அடியில் வெள்ளை, நடுவில் கறுப்பு, நுனியில் சிவப்பு. அதில் குடித்தால் நஞ்சு ஏறாது, வலிப்பு வராது. காண்டாமிருகத்தைப் பற்றிய செய்தி கைமாறிக் கைமாறி இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. ஐரோப்பாவில் அந்தக் கழுதை மெல்ல வெள்ளைக் குதிரையாகி, கன்னிப்பெண்ணின் மடியில் மட்டுமே தலைசாய்க்கும் என்றானது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ராவில் நிஜக் காண்டாமிருகத்தைப் பார்த்த மார்க்கோ போலோ, சேற்றில் புரளும் இந்த அவலட்சணமா கன்னியிடம் அகப்படும் என்று நொந்துகொண்டார். அதற்குப் பிறகும் ஐரோப்பியப் பிரபுக்கள் நஞ்சுமுறிவுக்காகப் பொன்னைக் கொட்டிக் கொம்பு வாங்கினார்கள். அவை வட துருவக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் தந்தங்கள் என்று டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் 1638இல் விளக்கினார். ஆக, உடல் இந்தியாவில், கொம்பு துருவத்தில், நாட்டுச் சின்னமாக நிற்பது ஸ்காட்லாந்தில். நீ குத்தியிருப்பது மூன்றாவது இடத்தை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். தூரத்து விலங்குகளுக்கு அளவுகள் இருக்கின்றன: பல் வரிசை, கொம்பின் முழம். பொன் தோண்டும் இந்திய எறும்பு நரியைவிடப் பெரியது, நாயைவிடச் சிறியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தராசில் வைத்தவர்போலச் சொல்கிறார். பக்கத்து விலங்குகளுக்கு அளவு கிடையாது, பரிகாரம் உண்டு. கப்பாவையே எடுத்துக்கொள். ஆற்றங்கரையில் எதிர்ப்பட்டால் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்த பிறவி, பதிலுக்கு அதுவும் குனியும். தலைக்குழி நீர் கொட்டிப்போகும், அத்தோடு அதன் பலமும் போகும். வெள்ளரிக்காயில் குழந்தையின் பெயரைக் கீறி ஆற்றில் விட்டால் அந்தக் குழந்தையைத் தொடாது. அந்த ஆற்றில் தினம் இறங்குகிறவர்கள் சொன்ன கதை இது. அவர்களுக்கு அதன் நீள அகலம் எதற்கு? வீடு திரும்ப வழி வேண்டும்.

நம் ஊரிலும் அப்படித்தான். பேய் பிடித்தவளின் உச்சிமயிரைச் சுற்றிப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். அந்தப் பேய் எத்தனை அடி உயரம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? 1990களில் பெங்களூரையே ஆட்டிவைத்த 'நாளே பா' உனக்கு நினைவிருக்காது, நீ பிறக்கவில்லை. இரவில் ஒருத்தி கதவைத் தட்டுவாள், வீட்டில் ஒருவரின் குரலில் கூப்பிடுவாள், திறந்தால் உயிர் போகும். நாளை வா என்று கன்னடத்தில் கதவில் எழுதிவைத்தால் படித்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாளும் வந்து அதையே படிப்பாள். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்களும் கன்னடத்தில்தான் எழுதிவைத்தன. தமிழில் எழுதி அவளுக்குப் படிக்கத் தெரியாமல் போனால் என்ன செய்வது? உன் பெரியம்மா சுண்ணாம்பால் எழுதினாள். 'ளே'யின் சுழியைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நள்ளிரவில் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நான் சிரித்தேன், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

தூரத்துப் பூதம் பக்கத்தில் வந்துவிடுவதும் உண்டு. மணிமேகலையில் சாதுவன் கதை வருகிறது. கப்பல் உடைந்து நாகர்கள் வாழும் மலையில் ஒதுங்குகிறான். நரமாமிசம் தின்கிறவர்கள், ஆடை இல்லாதவர்கள். அவர்கள் தலைவன் கள் நாற்றத்துக்கும் உலரும் வெள்ளெலும்புகளுக்கும் நடுவே, பெண் கரடியோடு ஆண் கரடி இருப்பதுபோல மனைவியோடு உட்கார்ந்திருக்கிறான். கிட்டேசியஸ் கையில் கிடைத்திருந்தால் பல்லை எண்ணியிருப்பார். சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரியும், பேசுகிறான். பேச்சு முடிவதற்குள் அவன் விருந்தாளி ஆகிவிடுகிறான். போகும்போது, முன்பு உடைந்த கப்பல்களிலிருந்து சேர்ந்த சந்தனமும் துணியும் கொடுத்தனுப்புகிறார்கள். இதற்கு நேர் எதிராக, கிட்டேசியஸ் இந்திய மலைகளில் குடியேற்றிய நாய்த்தலை மனிதர்களைப் பார். தொகை 1,20,000. அக்கம்பக்கத்து இந்தியர் பேசுவது அவர்களுக்குப் புரியுமாம், பதில் சொல்ல வாய் வராதாம், குரைத்தும் கையைக் காட்டியும் சமாளிப்பார்களாம். அவர்களை உன் வரைபடத்தில் காணோம். சேர்த்துவிடு.

ஆகவே ஒரு விலங்குக்கு ஒரு குண்டூசி போதாது. கதை சொன்ன ஊரில் ஒன்று, விலங்கு இருப்பதாகச் சொல்லப்பட்ட ஊரில் ஒன்று, இடையில் ஒரு நூல். கப்பாவுக்கு நூல் தேவைப்படாது. மான்டிகோருக்கு ஈரானில் ஒரு ஊசியை விட்டுவைக்கலாம், நூல் இந்தியாவுக்கு வர வேண்டும்.

சண்டையில் பிறந்தவை தனி இனம். நரசிம்மரின் உக்கிரத்தை அடக்கச் சிவன், சிங்கமும் பறவையும் கலந்த சரபமாக வந்தார் என்று சைவர்கள் சொன்னார்கள். கும்பகோணம் பக்கம் திருபுவனத்தில் சரபேசுவரருக்குத் தனிச் சன்னிதியே இருக்கிறது. விடுவார்களா வைணவர்கள்? அந்தச் சரபத்தையும் அடக்க விஷ்ணு இருதலைப் பறவையாக, கண்டபேருண்டமாக வந்தார் என்றார்கள். யானையைக் காலில் இடுக்கிக்கொண்டு பறக்கும் அந்தப் பறவையை நீ தினமும் பார்க்கிறாய், பார்த்தது தெரியாமல். கர்நாடக அரசு முத்திரையின் நடுவில், சிவப்புக் கேடயத்தில் வெள்ளையாக இருப்பது அதுதான். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் சின்னத்திலும் அதுதான். முத்திரையில் இருபுறமும் கேடயத்தைத் தாங்குபவை யானைத்தலைச் சிங்கங்கள். மின்கட்டண ரசீதைத் தொலைத்துவிட்டு அரசு அலுவலகப் படியேறி இறங்கும்போது அவற்றை உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்? சிவமொக்கா மாவட்டத்துப் பள்ளிகாவியில் 1047இல் நாட்டிய தூணின் உச்சியில், மனித உடலும் இரண்டு பறவைத் தலையுமாக இதே கண்டபேருண்டம் நிற்கிறது. திருபுவனத்துக்கும் பள்ளிகாவிக்கும் இடையே இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்ட நூல் கட்டு.

யெத்தி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் யெத்தி என்று வைத்திருந்த எலும்பு, தோல், மயிர் ஒன்பதை 2017இல் மரபணுச் சோதனை செய்ததில், எட்டு கரடி, ஒன்று நாய். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போடு.

யாளியிடம்தான் என் கணக்கு உதைக்கிறது. அகநானூற்றில் அது ஆளியாக வந்து, களிற்றின் தந்தத்தைப் பிடுங்கி உள்ளிருக்கும் குருத்தைத் தின்கிறது. மலைக்காட்டு விலங்கு, சமவெளிக்காரனுக்குத் தூரம்தான், ஆனாலும் யாரும் அதன் பல்லை அளக்கவில்லை. பிறகு கோயில் தூணுக்கு வந்து, நாம் சாய்ந்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும் அளவுக்குப் பக்கத்தில் நின்றது. அப்போதும் அதற்கு யாரும் பரிகாரம் தேடவில்லை. அதற்கு நூல் எங்கிருந்து எங்கே என்று நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும். சட்டம் போடுவதற்கு முன்னால் சொல், கண்ணாடி போட்டபிறகு ஊசி குத்த முடியாது.

அன்புடன்,
பெரியப்பா