செயின்ட் ஜான்ஸ் சர்ச் மக்களுக்கு, லேட்டா ஒரு நன்றி

எல்லாருக்கும் சலாம், வணக்கம். இது ஸ்காட்லாந்துல அபர்தீன் கிரவுன் டெரஸ்ல இருக்குற செயின்ட் ஜான்ஸ் எபிஸ்கோபல் சர்ச்சுக்கு, எங்க வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இடம் குடுத்ததுக்காக எழுதுற நன்றி. நேர்ல சொல்ல வேண்டியவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லியாச்சு, நம்ம ஆளுங்களுக்கும் விஷயம் தெரியட்டும்னு தமிழ்லயும் எழுதுறேன்.

சர்ச்சுக்குப் பக்கத்துலயே சையத் ஷா முஸ்தஃபா ஜாமிஆ பள்ளிவாசல், சின்ன இடம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அப்பல்லாம் பாதிப் பேரு வெளிய ரோட்டுலதான் தொழ வேண்டியிருந்துச்சு. அபர்தீன் காத்து பத்தி அங்க இருந்தவனுக்குத்தான் தெரியும், கடல்ல இருந்து வர்ற குளிரு, மழைல நனைஞ்ச கல்லுல நெத்திய வச்சு சஜ்தா செஞ்சு எந்திரிச்சா நெத்தில பொடிக்கல்லு ஒட்டிட்டு இருக்கும், முட்டி ரெண்டும் நனைஞ்சுபோயி அப்படியே ஆபீஸுக்கு ஓடுவோம்.

அப்ப அங்க பாதரா இருந்தவர் ஐசக் பூபாலன், தென்னிந்தியாவுல முஸ்லிம்கள் நடுவுல வளர்ந்தவர். நாங்க குளிர்ல தொழறத பாத்துட்டு சர்ச்சுல பேசியிருக்கார், "இது நம்ம பிரச்சனை இல்லையே"ன்னு ஒருத்தர் சொன்னாராம், இவரு "நான் கண்ணால பாத்துட்டேன், அப்ப இது பிரச்சனைதான்"ங்கிற மாதிரி பதில் சொன்னதா பேப்பர்ல வந்துச்சு. 2013ல சர்ச் ஹால்ல ஒரு பகுதிய எங்களுக்குத் திறந்து விட்டாங்க. எங்க பக்கமும் உடனே ஒத்துக்கல, சர்ச்சுக்குள்ள போய் தொழுறதான்னு தயக்கம் இருந்துச்சு, இமாம் அஹமத் மெகர்பி சம்மதிச்சு கூட்டிட்டுப் போனதுக்கு அவருக்கும் நன்றி சொல்லணும்.

இதுல என்ன பெரிசுன்னு கேப்பீங்க. பியூ ரிசர்ச்ங்கிற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2018ல வெளியிட்ட சர்வே பாருங்க, பிரிட்டன்ல சர்ச்சுக்கு ஒழுங்கா போற கிறிஸ்தவங்கள்ல 45 சதவீதம் பேரு இஸ்லாம் எங்க நாட்டுப் பண்பாட்டுக்கு ஒத்துவராதுன்னு சொல்றாங்க, சர்ச்சுக்கு அவ்வளவா போகாத கிறிஸ்தவங்கள்ல 47, மதமே இல்லாதவங்கள்ல 30தான். அதாவது ஞாயித்துக்கிழமை பக்கத்து பெஞ்சுல உக்கார்றவங்க மூஞ்ச சுளிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் இவங்க கதவத் திறந்திருக்காங்க, எனக்கு அதுதான் பெரிசு.

2017 ஜனவரில கிளாஸ்கோ செயின்ட் மேரீஸ் கதீட்ரல்ல வழிபாட்டு நடுவுல குர்ஆன்ல இருந்து சூரா மர்யம் (ஈசா நபியோட தாய் மர்யம் பேர்ல இருக்குற அத்தியாயம்) ஓதினப்ப எவ்வளவு கலாட்டா ஆச்சு, அப்ப இருந்த ராணி எலிசபெத்தோட சாப்ளின்ல (அரசவைப் பாதிரியார்கள்ல) ஒருத்தர் அதக் கண்டிச்சுப் பேசிட்டு பதவியவே விட்டுட்டார். உண்மையச் சொன்னா அது எனக்கே கொஞ்சம் நெருடல்தான், ஈசா நபி (இயேசு) பத்தி நாங்க நம்புறது வேற அவங்க நம்புறது வேற, அத அவங்க பீடத்துக்கு முன்னாடி போய் ஓதணுமா? அபர்தீன்ல யாரும் யாரோட ஈமான்லயும் (மத நம்பிக்கைலயும்) கை வைக்கல. எங்களுக்கு ஹால், அவங்களுக்கு அவங்க ஆராதனை. நாங்க தொழுதுட்டு ஷூவ மாட்டிக்கிட்டு கிளம்பிருவோம், "அடுத்த வாரம் பாப்போம்"பாங்க, அவ்வளவுதான் பேச்சு.

பூபாலன் அப்புறம் அதே ஊர்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலுக்கு ப்ரோவோஸ்டா, அதாவது தலைமைப் பாதிரியாரா போயிட்டார். ஹீட்டர முன்கூட்டியே போட்டு வச்சவங்க, நாற்காலிய ஓரமா நகத்தி வச்சவங்க, இவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் நன்றி. நம்ம பிரச்சனை இல்லன்னு சொன்னாரே, அவருக்கும்தான், அவரு சம்மதிச்சாரோ இல்லையோ தெரியாது, ஆனா நாங்க உள்ள போறப்ப யாரும் வழிய மறிக்கல.