வந்ததற்கே மார்க்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்றைய கல்லூரி மாணவர்கள் மார்க்கைத் திமிரோடு கேட்டு வாங்குகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். மதுரையில் 27 வருடம் வகுப்பெடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்தத் திமிரை நிறையப் பார்த்திருக்கிறேன். லேசாகச் சுரண்டினால் உள்ளே இருப்பது பயம்.

உள்மதிப்பீடு 25 மார்க். ஒரு பையனுக்கு 16 போட்டேன். "ஒரு நாள்கூட லீவு போடல, அசைன்மென்ட்டும் குடுத்துட்டேன். அப்புறம் ஏன் சார் குறைச்சீங்க?" என்று வந்து நின்றான். அசைன்மென்ட் பக்கத்து பெஞ்சு நோட்டிலிருந்து எழுத்துப் பிழையோடு இறங்கியிருந்தது. அதை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உளவியல் பேராசிரியர் எலன் கிரீன்பெர்கர் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காக வகுப்புக்கு வந்ததற்கே 'பி' கிரேடு (உச்சமான 'ஏ'-வுக்கு அடுத்தது) வேண்டும் என்றவர்கள் மாணவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மார்க் பற்றிய பதற்றமும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிற, மார்க்குக்குப் பரிசு தருகிற பெற்றோரும் இந்த மனநிலையோடு சேர்ந்தே வருவதாகவும் கண்டார்கள். "450 எடு, வண்டி வாங்கித் தாரேன்" என்பது நம் வீட்டுப் பேச்சுதானே! பத்தாம் வகுப்பிலேயே மார்க் கொடுக்கல் வாங்கலாகி விடுகிறது. பொதுத்தேர்வில் கேள்வி தப்பாக வந்துவிட்டால், சில முறை கேள்வி எண்ணை எழுதியவனுக்கெல்லாம் மார்க். அதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்?

16 வாங்கிய அந்தப் பையனின் அப்பா மறுநாள் வந்தார். மாட்டுத்தாவணி பூமார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. "காலையில மார்க்கெட்டுக்கு வந்து நின்னதுக்கே யாராவது காசு தருவாங்களா?" என்று கேட்டேன், கொஞ்சம் கடுப்பாகத்தான். "தர மாட்டாங்க சார். இவனும் அங்க வந்து நிக்கக் கூடாதுன்னுதான் அனுப்புறேன்" என்றார். வீட்டின் மொத்தக் கனவையும் தலையில் வைத்து அனுப்பினால், 16 என்ற எண் அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? தன் படிப்பின் அளவாகத் தெரியாது, தனக்கு இழைத்த அநியாயமாகத்தான் தெரியும்.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 16-ஐ 18 ஆக்கினேன். அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார். பையன் மட்டும் வாசலில் நின்று, "20 போட்டிருக்கலாம்ல சார்" என்றான்.

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருநகர், மதுரை.